வேட்டை நாளில் தீனி

மூன்று வாரத்தில் நாய் இரண்டாவது முறையாக விழுந்தது.

முதல் முறை சோளக்காட்டின் ஓரத்தில். கால் இடறியது என்று நினைத்தார்கள். இரண்டாவது முறை ஓடை மணலில். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன, தலை ஒரு பக்கம் இழுத்தது, வாயில் நுரை. கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, வேறு யாருடைய இடத்திலோ நிற்பதுபோல் நின்றது.

அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிவரை நடந்தான். இருபத்தாறு கிலோ. போகிற வழியில் தீனி ஆலை வாசலில் நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டான். அவள் கையில் மாவு இருந்தது. கழுவ நேரமில்லை.

கால்நடை டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நாயின் மார்பில் நெடுநேரம் கேட்டார். பிறகு எடுத்துவிட்டார்.

"இதயத்துல ஒண்ணும் இல்ல."

"அப்போ ஏன் விழுது?"

"காலையில என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. வேட்டை அன்னைக்கு எதுவும் குடுக்கறதில்ல."

"நேத்து?"

"நேத்து காலையில. அதோட சரி."

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "ஒரு நாள் முழுப் பட்டினி. அதுக்கு மேல நாலு மணி நேரம் ஓட்டம்."

"நாய் பட்டினி தாங்கும் டாக்டர்."

"படுத்திருக்கிற நாய் தாங்கும். இது ஓடுது. ரத்தத்துல சக்கரை இறங்குது, விழுது. வேற மர்மம் எதுவும் இல்ல."

"தின்னுட்டு ஓடினா வயிறு முறுக்கிக்குமே."

"சட்டி நிறையத் தின்னுட்டு ஓடினா முறுக்கிக்கும். நான் சட்டி நிறையக் குடுக்கச் சொல்லல." டாக்டர் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே பேசினார். "முந்தின நாள் சாயங்காலம் கொழுப்பு அதிகமா இருக்கிற தீனி. காலையில ஒண்ணும் வேணாம். ஓட ஆரம்பிச்ச பிறகு, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னச் சின்னதா ரெண்டு உருண்டை. கால் மணி நேரம் பிடிச்சு வச்சிருங்க. அப்புறம் விடுங்க. இன்னொரு தடவை இப்படி வலிப்பு வந்தா எழுந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவன் தாளை வாங்கிப் படிக்காமல் மடித்தான். அவள் தன் கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இப்போது எதை நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு முன்னால் ஒரு பெட்டை நாய் இருந்தது. பெரியவள் என்று கூப்பிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வேட்டை நாளில், விலா எலும்பு தெரிகிறதே என்று மனம் கேட்காமல், அவள் ஒரு சட்டி நிறைய இறைச்சியும் ரொட்டியும் வைத்தாள். அரை மணி நேரத்தில் அவன் அதை அவிழ்த்துவிட்டான். மதியம் அதன் வயிறு தவில் மாதிரி இறுகியது. வாந்தி எடுக்கப் பார்த்தது, வரவில்லை. டாக்டர் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் வண்டியிலேயே போய்விட்டது.

அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மறுநாள் தீனி டின்னைச் சமையலறையிலிருந்து எடுத்துத் துப்பாக்கி வைக்கிற அறையில் வைத்துப் பூட்டினான். ஆறு மாதம் கழித்து இந்த நாய் வந்தது. வந்த அன்றே யாரையும் கேட்காமல் அவனுடைய நாற்காலியில் ஏறிப் படுத்ததால் மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. மாப்பிள்ளைக்கு அவள் இதுவரை ஒரு வாய் தீனி கொடுத்ததில்லை.

*

ஆலையில் அவளுக்குக் கலவைப் பிரிவு. கோழித்தீனி, மாட்டுத்தீனி, வாரத்தில் இரண்டு நாள் நாய்த்தீனி. எந்தப் பையில் என்ன போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவன் கடையில் வாங்கி வருவதும் அவள் கலந்ததுதான். பையின் மேல் நாலு காலும் தரையில் படாமல் பாய்கிற நாய். உள்ளே பாதிக்கு மேல் சோளமாவு. கொழுப்பு நூற்றுக்குப் பத்து. நாளெல்லாம் வாசலில் படுத்திருக்கிற நாய்க்கு அது போதும்.

"படத்தையா திங்கப் போகுது?" என்பான் மூட்டை தைக்கிறவன்.

மதிய இடைவேளையில் கலவைத் தாள்களை எடுத்துவைத்துப் பார்த்தாள். கொழுப்பு இருபதுக்கு மேல், புரதம் முப்பது. அப்படி ஒன்று இருந்தது. காவல் நாய்களைப் பழக்குகிற ஓர் இடத்துக்காக மாதம் ஒருமுறை கலப்பது. வெள்ளைப் பை. படம் கிடையாது. இரண்டு பை வாங்கி வந்து துப்பாக்கி அறை வாசலில் வைத்தாள்.

அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்ன இது, மூஞ்சியே இல்லாத பை."

"மூஞ்சி இல்ல. சரக்கு இருக்கு."

"இன்னைக்கே மாத்தலாமா?"

"வேணாங்க. ஒரே நாள்ல மாத்தினா வயிறு போகும். பழசு ஒன்பது பிடி, புதுசு ஒரு பிடி. தினம் ஒரு பிடி ஏத்துங்க."

அவன்தான் அளந்தான், அவன்தான் வைத்தான். ஐந்தாம் நாள் நாய்க்குத் தண்ணியாகப் போனது. புதியதில் இரண்டு பிடி குறைத்தார்கள். ஏழாம் நாள் சரியானது. தினமும் காலையில் அவன் வேலியோரம் ஒரு குச்சியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் பல் துலக்கும்போது பின்னால் நின்று சொல்வான்.

"கெட்டியா இருக்கு."

"நிறம்?"

"நல்லாத்தான் இருக்கு."

மூன்று வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட நீளமான பேச்சு இது.

உருண்டை சுலபமாக அமையவில்லை. பிஸ்கட் கொடுத்தால் சக்கரை சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். வேகவைத்த ஈரல் கையிலேயே உதிர்ந்தது. அவளுக்கு வேண்டியது சட்டைப் பையில் உருகாத, உதிராத, மெல்லாமல் விழுங்கக்கூடிய ஒன்று. ஆட்டுக்கொழுப்பு, கொத்திய இறைச்சி, முட்டை, கொஞ்சம் தேன். உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஆலையில் கொதிகலன் பக்கம் ஒரு மணி நேரம் நின்றாள்.

"என்னக்கா, பாக்கெட் அழுவுது?" என்றான் மூட்டை தைக்கிறவன்.

அடுத்த முறை ஓட்ஸ் மாவு சேர்த்தாள். அழவில்லை.

*

சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் துப்பாக்கியைத் துடைக்க வந்தான். மறுநாள் வேட்டை. தள்ளிப்போட முடியாது. சோளக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி கூலியாள் ஒருவரின் தொடையைக் கிழித்திருந்தது. திங்கட்கிழமை அறுவடை. பன்றி இருக்கிறவரை யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். வேறு நாயும் இல்லை.

அவள் அடுப்பு மேடையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"மாப்ளைக்குத் தனிச் சமையலா அண்ணி? எங்களுக்கு டீ மட்டும்தானா?"

"நீங்களும் நாலு மணி நேரம் மோப்பம் பிடிச்சு ஓடுங்க தம்பி. உங்களுக்கும் உருட்டித் தரேன்."

"வாசனை நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க. ராத்திரி குலைச்சா நான் பொறுப்பில்ல."

அவன் சிரித்தான். கணவன் வாசற்படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"அந்த உருண்டை வண்டியில ஏறக் கூடாது" என்றான்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"சாயங்காலத் தீனியை மாத்தினேன் இல்ல? அது போதும். ஓடற நாய் வாயில எதுவும் போகக் கூடாது."

"ரெண்டே ரெண்டு உருண்டைங்க. சட்டி இல்ல."

"டாக்டர் மடியில சாகல அது."

கொழுந்தன் டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவள் கையைத் துடைத்தாள். மூன்று வருடத்தில் அவன் பெரியவளைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

*

வேட்டைக்கு வழக்கமாக வண்டி ஓட்டுகிறவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் அவள் ஓட்டினாள். மேல்சட்டையின் உள்பையில் ஒரு காகிதப் பொட்டலம், நாலு உருண்டை. அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காட்டின் நடுவே ஓர் ஓடை. இரண்டு பக்கமும் முள்புதர். மேட்டில் கொழுந்தன் துப்பாக்கியோடு உட்கார்ந்தான். கணவன் நாயோடு கீழே நடப்பான். மண்பாதை ஓடையைக் கடக்கிற இடத்தில் அவள் வண்டியோடு நிற்க வேண்டும். மூவரிடமும் வாக்கிடாக்கி. ஓடுகிற நாயை யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அது பழைய விதி.

ஆறு இருபதுக்கு அவிழ்த்தான்.

நாயின் கழுத்தில் மணி. புதருக்குள் அது எங்கே இருக்கிறது என்று மணிதான் சொல்லும். சத்தம் வேகமாக மேலே போனது, திரும்பியது, ஓடை வளைவில் தேங்கியது, மறுபடி போனது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு. ஏழு இருபது. பன்றி சுற்றிச் சுற்றி இழுக்கிறது என்று கொழுந்தன் சொன்னான். கணவன் மூச்சு வாங்கிக்கொண்டே "ம்" என்றான்.

ஏழு நாற்பத்தைந்துக்கு மணிச்சத்தம் அவள் பக்கம் வந்தது.

நாய் புதரிலிருந்து பாதைக்கு ஏறியது. மூக்கு தரையில். அவளைக் கண்டுகொள்ளவில்லை. அவள் அதன் பின்னங்கால்களைப் பார்த்தாள். ஒன்றையொன்று உரசின. பாதையின் நடுவில் இருந்த ஒரு சின்ன மேட்டில் கால் வைக்கத் தவறி, சரிந்து, நிமிர்ந்தது.

கூப்பிடக் கூடாது.

"மாப்ள."

திரும்பவில்லை. இந்தப் பெயருக்குத் தூக்கத்தில்கூடக் காதை அசைக்கிற நாய்.

அவள் ஓடிப் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள். உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின் நடுக்கம் அல்ல. பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். முதல் உருண்டையை மூக்கருகே நீட்டினாள். நாய் தலையைத் திருப்பிக்கொண்டது. பன்றியின் வாடையைத் தவிர வேறு எதுவும் அதற்கு வேண்டாம். வாயைத் திறந்து வைத்தாள். துப்பியது. மண் ஒட்டிய உருண்டையை எடுத்து, நசுக்கி, ஈறிலும் நாக்கிலும் தடவினாள். நாய் நக்கியது. மறுபடி நக்கியது. பிறகு மீதியை அவள் விரலோடு சேர்த்துக் கவ்வியது.

இரண்டாவதை அதுவே வாங்கி விழுங்கியது.

அவள் மண்ணில் உட்கார்ந்து, நாயின் மார்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ஏழு ஐம்பது. கழுத்து மணி அசையவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "சத்தம் நின்னுடுச்சு. எங்க இருக்கு?" கணவனின் குரல்.

"என்கிட்ட."

"விழுந்துடுச்சா?"

"இல்ல. பிடிச்சு வச்சிருக்கேன்."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். முள் குத்தியது என்று சொல்லியிருக்கலாம்.

"தீனி குடுத்தேன். ரெண்டு உருண்டை. கால் மணி நேரம் பிடிச்சு வைக்கணும்."

வெறும் இரைச்சல். பிறகு கொழுந்தன், மெதுவாக: "அண்ணே..."

"நீ சும்மா இரு."

புதரில் கிளைகள் முறிகிற சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. அது பன்றியாகவும் இருக்கலாம். அவள் நாயை விடவில்லை. நாய் முன்னால் இழுத்தது. அவள் முழங்கால் மண்ணில் கோடு போட்டது.

அவன்தான். கன்னத்தில் முள் கீறி ரத்தம். அவள் முகத்தைப் பார்க்காமல் மண்டியிட்டு நாயின் வயிற்றில் கை வைத்தான். ஒரு பக்கம், மறுபக்கம், விலாவுக்குக் கீழே. விரலால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"ரெண்டுதானா?"

"ரெண்டு."

"பொய் சொல்லாத."

அவள் பொட்டலத்தை விரித்துக் காட்டினாள். மீதி இரண்டு.

"வண்டியில ஏத்து" என்றான். "இன்னைக்கு இது ஓடாது."

"நல்லாத்தான் இருக்கு. பாருங்க, நடுக்கம் நின்னுடுச்சு. கூப்பிட்டுப் பாருங்க."

"வயித்துல தீனியோட விட மாட்டேன்."

"இன்னைக்கு ஏத்திடலாம். அடுத்த தடவை? பட்டினி போட்டா விழும். தீனி குடுத்தா விட மாட்டீங்க. சங்கிலியில கட்டிப் போட்டு வளர்க்கவா? அதுலயே செத்துடும் அது."

அவன் நாயின் வயிற்றை மறுபடி தட்டினான்.

"முறுக்கிக்கிட்டா நான்தான் காரணம்" என்றாள். "போன தடவை மாதிரி வாயை மூடிக்கிட்டு இருக்க வேணாம். நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. ரெண்டு நாயையும் இவதான் தீனி போட்டுக் கொன்னான்னு சொல்லுங்க."

"நீ கொல்லல."

"பின்ன யாரு?"

அவன் கை இன்னும் நாயின் வயிற்றில் இருந்தது.

"நீ சட்டி வைக்கிறதை ஜன்னல் வழியா பார்த்தேன்" என்றான். "அது நக்கி முடிக்கிறவரை பார்த்தேன். இன்னைக்கு விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பன்னி போயிடும்னு அவுத்து விட்டேன்."

மேட்டில் ஒரு பறவை கத்தியது. நாய் இழுப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"மூணு வருஷம்" என்றாள் அவள்.

"ம்."

"பூட்டு போட்டீங்க."

"நீ சட்டியைத் தூக்கறதைப் பார்க்கவே முடியல. பார்த்தா எல்லாத்தையும் சொல்லணும். அதனால பூட்டினேன்."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையும் நாயின் மார்பில் இருந்தன. எடுத்தால் அது ஓடிவிடும்.

"மணி என்ன?" என்றான்.

அவள் கடிகாரம் இருந்த கையைத் திருப்பினாள். "எட்டு மூணு."

"எப்போ குடுத்த?"

"ஏழு ஐம்பது."

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிடம் மூன்று உயிர்களும் பாதையில் உட்கார்ந்திருந்தன. அவன் கன்னத்து ரத்தம் தாடையில் வந்து நின்றது. அவள் துடைக்கவில்லை.

"மாப்ள" என்றான்.

நாய் சட்டென்று திரும்பி அவன் வாயை நக்கியது. கண் தெளிவாக இருந்தது. அவன் அந்தக் கண்ணையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ விடு" என்றான்.

அவள் கையை எடுத்தாள்.

*

ஒன்பது ஐந்துக்குச் சுட்ட சத்தம் கேட்டது. ஒரே சத்தம். கொழுந்தன் வாக்கிடாக்கியில் கத்தினான். பன்றி ஓடையின் மேல்முனையில் விழுந்துவிட்டது. நாய் அதைப் பாறையோரம் அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருந்ததாம். இந்த நாயா ரெண்டு தடவை விழுந்துச்சு என்றான்.

அவர்கள் பன்றியைப் பார்க்கப் போகவில்லை. அவன் நாயைக் கூட்டி வந்து வண்டியின் நிழலில் படுக்க வைத்தான். அவள் தண்ணீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள், ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் இடைவெளி விட்டு. பெரியவளும் ஓடும்போது நன்றாகத்தான் ஓடினாள். இறுகியது அதற்குப் பிறகுதான். இருவருக்கும் அது நினைவிருந்தது.

பத்து மணி. வயிறு ஒட்டியிருந்தது. பத்தேகால். நாய் எழுந்து இரண்டு முறை சுற்றியது. அவன் முழங்காலில் நிமிர்ந்தான். நாய் மறுபடி படுத்தது. அவன் அப்படியே இருந்தான்.

வாக்கிடாக்கி பேசியது. "இதைத் தூக்க ஆள் வேணும். ரெண்டு பேரும் அங்க என்ன குடும்பம் நடத்துறீங்களா?"

அவன் எடுத்தான். "இருடா. வரோம்."

வாக்கிடாக்கியைக் கீழே வைத்தான். எழுந்திருக்கவில்லை.

"உங்க மேல எனக்கு ஆத்திரம் அடங்கல" என்றாள் அவள், நாயைப் பார்த்தபடி.

"தெரியும்."

"சீக்கிரம் அடங்காது."

"ம்."

நாய் தலையைத் தூக்கியது. கழுத்தை நீட்டியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயைத் திறந்து நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. கொழுப்பும் தேனும் கலந்த வாடை அவன் முகத்தில் அடித்தது.

முறுக்கிய வயிற்றிலிருந்து ஏப்பம் வராது.

அவன் முகத்தைத் திருப்பாமல் அந்த வாடையை மூச்சில் இழுத்தான். "இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துடலாம்" என்றான்.

அவள் மூடியில் தண்ணீர் ஊற்றினாள்.